படிப்பவருக்கும் ஒரு பிளாப்பி

தண்டையார்பேட்டை கம்ப்யூட்டர் கடையில் இருந்தவர்கள்: கடைக்காரப் பெண், பழைய கம்ப்யூட்டரோடு வந்த துறைமுகத்துக் கிரேன்காரர், பயோடேட்டா அடிக்க வந்த நான்.

“நாவல் எழுதப் போறேம்மா. நல்ல தமிழ் சாப்ட்வேரா போட்டுக் குடு.”

“நாவலா? நீயா நைனா?”

“ஏன், கிரேன் ஓட்டுறவன் எழுதக் கூடாதா?”

சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தாள்.

“படிக்கிறவங்க கம்ப்யூட்டர்லயும் இந்த எழுத்து இருக்கணும். இல்லாங்காட்டி கட்டம் கட்டமாத்தான் தெரியும். ஆளுக்கு ஒரு பிளாப்பில ஏத்தித் தரேன். எத்தினி பேரு படிப்பாங்க?”

அவர் ஒரு விரலை மடக்கினார். யோசித்துவிட்டு மறுபடி நிமிர்த்தினார்.

“நீ படிப்பியாம்மா?”

“எனுக்கு ஏது நைனா டைமு? எத்தினி பிளாப்பி, அத்த சொல்லு.”

“யாராச்சும் கேப்பாங்க. போட்டு வை.”

“எத்தினி?”

“ஒண்ணு.”