சம்பந்தி உரிச்ச பாதாம்

எங்க ஊட்டுப் பாலு அதுக்குள்ள கசந்துபூட்சா அந்தம்மாவுக்கு? பொண்ணு இன்னும் எங்க ஊட்டு வாசப்படியே மிதிக்கல, அதுக்குள்ள பாலைத் திருப்பி அனுப்பிகினு கீதே! இப்படித்தானே சம்பந்தி சொன்னீங்க? உங்க பாலைக் கொண்டாந்து ஊத்தற வேம்புலி ஒரு எழுத்து விடாம ஒப்பிச்சுட்டான். உங்க பாலைச் சிந்தினாலும் சிந்துவான், உங்க பேச்சை மட்டும் சிந்தாம கொண்டாந்து ஊத்திடுவான்.

உள்ள வாங்க. லிஃப்ட் இன்னிக்கும் படுத்துடுச்சு, ஏறியே வந்தீங்களா? முதல்ல மூச்சு வாங்குங்க, அப்புறம் திட்டுங்க. திட்டறதுக்கும் தெம்பு வேணுமில்ல? இந்தாங்க, சேமியா பாயசம். ஏன், சண்டைக்கு வந்த வீட்டுல கை நனைக்க மாட்டீங்களா? சரி, டம்ளரைத் தூக்கிக் குடிங்க, கை நனையாது.

அப்படி. நல்லா இருக்கா? நேத்து வந்த உங்க வீட்டுப் பாலான்னு கேக்கறீங்களா? பாலுதான், குடிங்க. குடிக்கும்போது விசாரணை எதுக்கு?

இதோ பாருங்க, உங்க பால் சரியில்லன்னு நான் யார்கிட்டயும் சொல்லல. உங்க வெள்ளானூர்ல பாதி வயல் பிளாட்டாயிடுச்சு, மாடு கட்டின இடத்துல எல்லாம் கார் நிக்குது. அப்பவும் மாட்டை விக்காத வீடு உங்களுது. அந்தப் பால்ல தண்ணின்னு சொன்னா என் நாக்கு அழுகிடும். விஷயம் என்னன்னா, எங்க வீட்டுக்காரருக்கு வாயுத் தொல்லை. பால் உள்ள போனா வயிறு பேண்டு வாத்தியம் வாசிக்குது. அதான் வீட்டுலயே பாதாம் பால் எடுக்கலாம்னு ஆரம்பிச்சேன்.

என்னது? நிச்சயதார்த்தத்துல அவர் தயிர் சாதத்தை ரெண்டாவது தடவை கேட்டு வாங்கினதைப் பாத்தீங்களா? அடேயப்பா. அத்தனை கூட்டத்துல எல்லார் இலையையும் கண்காணிச்சீங்களா, இல்ல எங்க இலையை மட்டுமா?

சரி, வாயு இல்ல. விடுங்க. நான் படிச்சது கான்வென்ட்டு. பொய் சொன்னா சிஸ்டர் முட்டி போட வெச்சுடுவாங்க. அதனால பொய் சொல்லப் பழகல. சுத்தி வளைக்கத்தான் பழகினேன்.

கை சும்மாதானே இருக்கு, இந்தக் கிண்ணத்தைப் பிடிங்க. ஊற வெச்ச பாதாம். ரெண்டு விரலுக்கு நடுவுல வெச்சு ஒரு அழுத்து அழுத்தினா தோலு தனியா வந்துடும். சம்பந்தின்னு கூடப் பாக்காம வேலை வாங்கறேனா? நீங்க உரிச்சுட்டே திட்டுங்க, நான் கேட்டுட்டே மிக்ஸியைக் கழுவறேன். அய்யோ, மெதுவா! பறந்து ஃப்ரிட்ஜுக்கு அடியில போயிடுச்சு பாருங்க. அவ்வளவு முரட்டுத்தனம் வேணாம். கன்னு போட்ட புதுசுல மாட்டைக் கறக்கறோம்னு நினைச்சுக்குங்க. ஆங், இப்ப வருது பாத்தீங்களா?

இதுல காம்பு எங்க கீதுன்னு கேக்கறீங்க. கேளுங்க, கேளுங்க. நானும் முதல்ல சிரிச்சவதான். வேர்க்கடலையில ஆரம்பிச்சேன். பச்சைக் கடலை வாடை மாடிப்படி வரைக்கும் இறங்கிப் போச்சு. எதிர்வீட்டு ஜமீலா கதவைத் தட்டி, என்னக்கா, செக்கு வெச்சிருக்கீங்களான்னு கேக்கறா. அப்புறம் முந்திரி. அது பாலா வரல, குருமாவுக்கு அரைச்ச மாதிரி வந்தது. கடைசியில, பாதாமோட கொஞ்சமா முந்திரி சேத்தப்பதான் சரிப்பட்டு வந்தது. முதல்ல சொட்டுத் தண்ணி விட்டு விழுதா அரைக்கணும். எடுத்த எடுப்புல தண்ணியைக் கொட்டினீங்கன்னா மூடியைத் தூக்கிட்டு வந்து மூஞ்சிக்கு அபிஷேகம் பண்ணிடும். விழுதானப்புறம் தண்ணி ஊத்தி இன்னொரு ஓட்டு ஓட்டி, வெள்ளை வேட்டித் துணியில கொட்டிப் பிழியணும்.

பிழியறதுலதான் சூட்சுமமே இருக்கு. எனக்கு மணிக்கட்டு வலி, முடியாது. அதுக்குன்னு ஒரு ஆள் வெச்சிருக்கேன். பிரமாதமான கை. ஒரு சொட்டு மிச்சம் வைக்காது. யாருன்னு அப்புறம் சொல்றேன்.

சக்கையை என்ன பண்றேனா? நல்ல கேள்வி. வேம்புலிகிட்ட குடுத்து அனுப்பிடறேன். எங்கயா? உங்க தொழுவத்துக்குத்தான், செவலைப் பசுவுக்கு. பேந்தப் பேந்த முழிக்காதீங்க சம்பந்தி. செவலை பால்ல இப்பல்லாம் விரல் தடிமனுக்கு ஆடை கட்டுது, எல்லாம் நான் பாத்து வாங்கற புண்ணாக்குன்னு தெருவெல்லாம் சொன்னீங்களே, அந்தப் புண்ணாக்கு எங்க மிக்ஸியில இருந்து வருது.

சிரிப்பு வருதில்ல? சிரிச்சா ஒண்ணும் சண்டை கெட்டுப்போயிடாது.

இதுல ஒரே குறை, ஆடை கட்டாது. தளதளன்னு கொதிக்கவிட்டா திரிஞ்சுபோயிடும், சின்னத் தீயில கிண்டிட்டே நிக்கணும். ஃபில்டர் காபியில ஊத்தினா தண்ணி தனியா, பாதாம் தனியா, விவாகரத்து வாங்கிக்குது. ஆனா வெள்ளி டம்ளர்ல ஊத்தி வாழைப்பழம் நறுக்கிப் போட்டுப் பாத்தேன், சத்தியமாச் சொல்றேன், பெத்த பசுவுக்கே வித்தியாசம் தெரியாது.

வெள்ளி டம்ளர் எதுக்கா? வாய் தவறி வந்துடுச்சு. உரிங்க.

சரி, இன்னொண்ணு கேக்கறேன். பாலை நாக்குல வெச்சே எந்த மாட்டுப் பாலுன்னு சொல்லிடுவீங்கன்னு வெள்ளானூரே பேசுது. இப்பக் குடிச்சீங்களே பாயசம், வழிச்சு வேற குடிச்சீங்க, அது யார் வீட்டுப் பாலு? செவலையா? அடிச்சுச் சொல்றீங்களா?

துப்பாதீங்க, உள்ள போயாச்சு. பாதாம்தான். மூணு பேர்கிட்டக் குடுத்துப் பாத்தேன், யாரும் கண்டுபிடிக்கல. உங்க நாக்குதான் கடைசிப் பரீட்சை. அதுலயும் பாஸ்.

உக்காருங்க, எந்திரிக்காதீங்க. இப்ப நேராவே சொல்லிடறேன். பாலைத் திருப்பி அனுப்பினதே உங்களை வரவழைக்கத்தான். கூப்பிட்டிருந்தா எப்படி வருவீங்க? தட்டு, பழம், உங்க நாத்தனார், ஓரகத்தி, வேனு முழுக்க ஜனம். சண்டைக்குன்னாத்தான் தனியா வருவீங்க. உங்க கோவத்தை நம்பித்தான் அனுப்பினேன். வீண் போகல.

வேம்புலி இன்னொரு புகாரும் கொண்டாந்தான். நிச்சயத்தன்னிக்கு நீங்க ஆசையா ஊட்டப் போன பால்கோவாவை என் பொண்ணு கையில வாங்கி, அப்புறம் துண்ணுறேன்னுட்டு ஹேண்ட்பேகுக்குள்ள போட்டுக்கினா, திமிரு புடிச்ச பொண்ணுன்னு. போட்டது நிஜம்தான். வீட்டுக்கு வந்ததும் கையைச் சோப்புப் போட்டு மூணு தடவை கழுவினா. அதுவும் நிஜம்.

இருங்க, முழுசாக் கேளுங்க.

அந்தப் பிழியற ஆள் யாருன்னு சொல்றேன்னேனில்ல? உங்க ஜெகன். ஆமா, உங்க பிள்ளைதான். சனிக்கிழமையானா அம்பத்தூர்ல ஆபீஸ் வேலை இருக்குன்னு உங்ககிட்டச் சொல்லிட்டு வருவானே, அந்த ஆபீஸ் இதோ இந்த சிங்க்குக்கு முன்னாடிதான். சட்டைக் கையை மடிச்சுவிட்டு அவன் துணியைப் பிழியற அழகைப் பாக்கணும். சின்ன வயசுல உங்க பக்கத்துல உக்காந்து கறந்து பழகின கை, மேல இருந்து கீழ ஒரே சீரா இறங்குது. வேற எவன் பிழிஞ்சாலும் அந்தப் பால் வராது. உங்ககிட்டச் சொல்லுடான்னா, ஐயோ அத்தை, அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்கன்னு துணிக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கறான்.

என்ன சொல்லணுமா?

உங்க வீட்டு வழக்கத்தை அவன்தான் சொன்னான். மருமக உள்ள வந்து விளக்கேத்தினதும், மாமியார் தன் கையால கறந்து காய்ச்சின பாலை அந்தப் பழைய வெள்ளி டம்ளர்ல ஊத்தி, பழம் போட்டு, சொந்தமெல்லாம் சுத்தி நிக்கக் குடுப்பீங்களாம். மிச்சம் வைக்காம குடிக்கணுமாம். வெச்சா தொழுவத்துக்கு ஆகாதுன்னு உங்க நாத்தனார் சாபமே விடுவாங்களாம்.

என் பொண்ணு சுவேதாவுக்குப் பால் ஆகாது சம்பந்தி. பிடிக்காதுன்னு சொல்லல. ஆகாது. தயிர், வெண்ணெய், எதுவும். இத்தனை வருஷமா கடுங்காபியிலயே வளத்துட்டேன், யாருக்கும் தெரியாது. ஸ்கூல்ல படிக்கும்போது யாரோ பிறந்த நாளுன்னு ஒரு பேடா குடுத்துட்டாங்க. கடிச்சது ஒரு ஓரம். உதடு வீங்கி, தொண்டை அடைச்சு, ஆட்டோவுல மடியில போட்டுட்டுப் போறேன், சென்னீர்குப்பத்துல லாரியெல்லாம் மறிச்சு நிக்குது. அந்த உதடு நீலமா மாறினதை நான் பாத்துட்டேன். அதுக்கப்புறம் எனக்குப் பயம்னா அந்தக் கலர்தான்.

இதெல்லாம் முன்னாடியே சொல்லியிருக்கணும்தான். பால்கார வீட்டுல பாலே ஆகாத பொண்ணுன்னா நிச்சயத்தோட நிக்கும்னு பயந்தேன். சரி, அதை விடுங்க. இப்ப வேற பயம். வர்ற வெள்ளிக்கிழமை கல்யாணம். இந்தக் கழுதை என்ன சொல்லுது தெரியுமா? ஒரு வாய்தானேம்மா, அத்தை அவ்வளவு பேர் முன்னாடி குடுக்கும்போது எப்படி வேணாம்னு சொல்றதுன்னு. குடிச்சுடுவா சம்பந்தி. உங்க மூஞ்சி வாடக் கூடாதுன்னு குடிச்சுடுவா. திமிரு புடிச்சவளா இருந்திருந்தா எனக்குக் கவலையே இல்ல.

நீங்க வழக்கம்போலவே செவலையைக் கறங்க, காய்ச்சுங்க, சாமிக்கு வையுங்க. டம்ளர்ல மட்டும் இது இருக்கட்டும். யார்கிட்டயும் எதுவும் சொல்ல வேணாம். அன்னிக்கும் நீங்களே உரிச்சுடுங்க, ஜெகன் பிழிஞ்சுடட்டும். அம்மா உரிச்சு, பிள்ளை பிழிஞ்சது உங்க வீட்டுப் பால் இல்லாம வேற யார் வீட்டுப் பாலு?

ஏன் கிண்ணத்தைக் கீழ வெச்சுட்டீங்க? திட்டத்தானே வந்தீங்க, திட்டுங்க. மாடி ஏறி வந்ததுக்கு ரெண்டு வார்த்தையாவது திட்டிட்டுப் போங்க.

ஒண்ணே ஒண்ணு. அந்த வெள்ளி டம்ளர்ல பழைய பால் ஒரு சொட்டு ஒட்டியிருந்தாலும் அவளுக்குத் தாங்காது. வேற யார் கையிலயும் விடாம, அந்த டம்ளரை நீங்களே வெந்நீர் விட்டு ஒரு தடவை நல்லாக் கழுவிடறீங்களா, சம்பந்தி?