டிராம் போகாத வழி

— இந்தப் படிக்கட்டு எங்கே போய்ச் சேருது, தியோலிந்தா? முப்பத்துமூணு வருஷம் இதே மேட்டுல டிராம் ஓட்டியிருக்கேன். இப்படி ஒரு சந்து இருக்கிறதே எனக்குத் தெரியாதே!

— டிராம்ல உக்காந்தா தண்டவாளம் போற இடம்தான் தெரியும். நடங்க. பார்த்து, கல்லு வழுக்கும்.

— நேத்து வரைக்கும் உத்தியோகம். இன்னைக்குத்தான் ஓய்வுல முதல் நாள். ஒரு மனுஷனைக் காலை நீட்டிப் படுக்க விடறியா? லிஸ்பனைச் சுத்திப் பாக்கலாம் வாங்கன்னு விடிஞ்சதும் கிளப்பிட்டே. நான் பாக்காத லிஸ்பனா?

— இந்தச் சந்தைப் பாத்திருக்கீங்களா?

— அதான் இல்லைங்கிறேனே.

— அப்போ பேசாம வாங்க.

— நல்ல கதையா இருக்கே! ஏய், மேல ஜன்னல்ல ஒரு பொம்பளை உன்னைப் பாத்துக் கையாட்டறா பாரு. யாரு அவ?

— முட்டி வலிக்காரி. படி இறங்க முடியாது. வேலைக்குப் போற வழியில அவளுக்கு ரொட்டி வாங்கிக் குடுத்துட்டுப் போவேன்.

— அங்கே தையல் கடைக்காரன் கத்தரிக்கோலைக் கீழ வெச்சுட்டு ‘தியோலிந்தாம்மா, சௌக்கியமா’ங்கறான். கீரைக்காரி சிரிக்கறா. என்னடி இது, இந்தத் தெருவே உன்னைத் தெரிஞ்சு வெச்சிருக்கு? இந்த ஊர்ல பாதிப் பேரை நான் ஏத்தி இறக்கியிருக்கேன். என்னை ஒருத்தனுக்கும் தெரியலை!

— அவங்க பாத்ததெல்லாம் உங்க முதுகைத்தான். முகம் எப்படித் தெரியும்?

— அதுவும் சரிதான்... கொஞ்சம் மெதுவாப் போயேன். எனக்கு அறுபத்துநாலு வயசு ஆச்சுன்னு ஞாபகம் இருக்கட்டும்.

— எனக்கு அறுபது. கைத்தடியா வெச்சிருக்கேன்? இந்தச் சந்து முடியற இடத்துல ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கு. அங்கே உக்காரலாம்.

— அதைச் சொல்லு முதல்ல.

— வாங்கக்கா! இவர்தான் அண்ணனா? உக்காருங்கண்ணே. இன்னைக்கு என்னென்ன இருக்குன்னு பலகையில எழுதியிருக்கேன். பாத்துச் சொல்லுங்க, அதுக்குள்ள ஒயின் கொண்டாறேன்.

— ஆகட்டும் சுல்மீரா. அவசரமில்லை.

— இரு தியோலிந்தா, நான் படிச்சுச் சொல்றேன். ம்... மத்தி சுட்டது. அவ்வளவுதான்.

— வேற ஒண்ணும் இல்லையா?

— எழுதியிருந்தாச் சொல்ல மாட்டேனா? ஜூன் மாசத்துல மத்தியை விட்டா வேற என்ன வேணும்? இந்தாம்மா, ரெண்டு மத்தி!

— ஒரு மத்தி போதும் சுல்மீரா. எனக்கு ரெண்டாவது வரியில இருக்கிற கணவாய் மீன். கடைசியில எழுதியிருக்கிற பால்சோறும் ஒரு கிண்ணம். அப்புறம், கணவாய்ல ஒரு எழுத்தை விட்டுட்டே.

— அட, ஆமாங்கக்கா! உங்க கண்ணுக்கு எதுவும் தப்பாதே. அழிச்சுட்டு எழுதிடறேன்.

— ...இப்போ என்ன சொன்னே நீ?

— கணவாய்னேன்.

— பலகையில இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?

— படிச்சேன்.

— விளையாடாதே. நீயாவது படிக்கறதாவது! போன வருஷம் ஆஸ்பத்திரியில கட்டை விரலை உருட்டினவதானே நீ?

— ஆமா. உருட்டினேன். அன்னைக்கு எனக்கு எழுதத் தெரியும். நீங்க பக்கத்துல நின்னீங்க, அதான் உருட்டினேன்.

— மாதாவே! எப்போலேருந்து?

— மூணு வருஷமா. நான் பெருக்கித் துடைக்கிற பள்ளிக்கூடத்துலதான். சாயந்தரம் பிள்ளைங்க போனதும் டீச்சரம்மா சொல்லிக் குடுத்தாங்க. சின்னப் பிள்ளைங்க பெஞ்சு. முட்டி இடிக்க இடிக்க உக்காந்து படிச்சேன்.

— மூணு வருஷமா ஒரே வீட்ல, ஒரே கட்டில்ல படுத்துக்கிட்டு... எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே! ஏன்?

— சொல்லலாம்னுதான் இருந்தேன். ஒரு முழுக் காகிதத்தை உங்க முன்னாடி மளமளன்னு படிச்சு உங்களை அசத்தணும்னு ஆசை. நம்ம வீட்ல படிக்க என்ன இருக்கு? பிஸ்கோத்து டப்பாவுல நம்ம பொண்ணு செலெஸ்தே எழுதின ஆறு கடுதாசிதான் இருந்துச்சு.

— அந்த டப்பாவை எதுக்கு எடுத்தே?

— சாப்பிடுங்க. மீன் ஆறுது.

— தியோலிந்தா...

— முதல் வரியைப் படிக்க ஒரு மணி நேரம் ஆச்சு எனக்கு. தப்பாப் படிக்கறேனோன்னு திரும்பத் திரும்பப் படிச்சேன். ‘அம்மா, எனக்குப் பொண்ணு பிறந்திருக்கா. உன் பேரைத்தான் வெச்சிருக்கேன். ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போ.’ அதை நீங்க எப்படிப் படிச்சுக் காட்டினீங்க? ஞாபகம் இருக்கா?

— அது எப்பவோ நடந்தது...

— ‘நான் பிரான்ஸ்ல இருக்கேன். என்னைத் தேட வேண்டாம்.’ அப்படிப் படிச்சீங்க. குரல்கூட நடுங்கலை. நான் அழுதேன். நீங்க முதுகைத் தடவிக் குடுத்தீங்க. அப்புறம் அந்தக் காகிதத்தை என் கையிலேயே குடுத்து, பத்திரமா வெச்சுக்கோன்னீங்க.

— நீ படிப்பேன்னு நான் கண்டேனா?

— அதான். எனக்குப் படிக்கத் தெரியாதுங்கிற தைரியம்தானே?

— வா, வீட்டுக்குப் போயிடலாம்.

— வீட்டுக்கு இல்லை. ஒயினைக் குடிச்சுட்டு எழுந்திருங்க. இன்னும் பாதி ஊர் நடக்கணும்.

— எங்கே போறோம்? சொன்னாத்தானே நடப்பேன். இந்த மேட்டுல ஏறினா எரிஞ்சுபோன கடைத்தெரு. ஆறு வருஷமா சாரம் கட்டி நிக்குது. அதுல என்ன பாக்க இருக்கு?

— அதைத் தாண்டிப் போகணும். நடங்க.

— இதோ பாரு. நீயும் அங்கே இருந்தே, உனக்கே தெரியும். இருபது வயசுப் பொண்ணு, கேப் வெர்டே தீவுலேருந்து வந்த ஒரு கொத்தனாரோட வந்து நிக்கறா. வயித்துல வேற பிள்ளை. டிப்போவுல என்னைப் பாத்து எப்படிச் சிரிச்சானுங்க தெரியுமா? ‘பேரன் என்ன நிறத்துல பிறக்கப் போறான் அர்மிந்து’ன்னு கேட்டானுங்க. அவ பிரான்ஸ்ல ஒரு பணக்காரக் குடும்பத்துல வேலைக்கு இருக்கான்னு நான்தான் சொல்லி வெச்சேன். சொன்னதைக் காப்பாத்தணுமே. அதான் உங்கிட்டயும்...

— வயித்துப் பிள்ளையோட நின்னவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினீங்க. அது கோபம். ஆம்பளைக்குக் கோபம் வரும், தணியும்னு நான் இருந்தேன். ஆனா கடுதாசி கோபத்துல எழுதினதில்லையே. மேஜையில உக்காந்து, கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு, ஆற அமர எழுதினீங்க.

— நான் எங்கே எழுதினேன்? படிச்சதைத்தானே மாத்திப் படிச்சேன்!

— அவளுக்குப் பதில் போடணும்னு நான் சொல்லச் சொல்ல எழுதினீங்களே, அது?

— ...அது.

— நான் சொன்னது, ‘எங்கே இருந்தாலும் வந்துடு கண்ணு. அப்பாவை நான் பாத்துக்கறேன்.’ நீங்க எழுதினது, ‘அம்மா சொல்கிறாள்: எனக்குப் பெண்ணே பிறக்கவில்லை. இனி எழுதாதே.’ அதுக்குக் கீழே, ‘நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன் மகளே, அவள் மனம் இறங்கவில்லை. இப்படிக்கு அப்பா.’

— ஆண்டவரே! அது உன் டப்பாவுல இல்லையே. தபால்ல போட்டேனே! அதை எங்கே பாத்தே நீ?

— அவ கையில.

— அவ... செலெஸ்தே கையிலயா? பாத்தியா நீ அவளை? என்னடி சொல்றே! இரு, இரு, இந்தத் தோட்டத்துல கொஞ்சம் உக்காரலாம். ஷூ கடிக்குது.

— உக்காருங்க. ஷூவைக் கழட்டிக்கோங்க. தண்ணி இந்தாங்க.

— எங்கே பாத்தே?

— கடுதாசியில செதூபல் ஊர் விலாசம் இருந்துச்சு. படிக்கக் கத்துக்கிட்ட மறு வருஷம், உடம்பு சரியில்லாத சிநேகிதியைப் பாக்கப் போறேன்னு உங்ககிட்ட சொல்லிட்டு பஸ் ஏறிப் போனேன். அந்த வீட்ல வேற யாரோ இருந்தாங்க. அவங்க லிஸ்பனுக்கே திரும்பிட்டாங்களேன்னு பக்கத்து வீட்ல சொல்லி, புது விலாசம் குடுத்தாங்க. நானே எழுதி எடுத்துக்கிட்டு வந்தேன்.

— லிஸ்பன்லயா இருக்கா?

— அஞ்சு வருஷமா. நான் கண்டுபிடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. மாசத்துக்கு ஒரு தடவை போறேன். கதவைத் திறப்பா. ‘ஏதாவது சொல்லணுமா’ன்னு கேப்பா. நான் பேத்திக்கு வாங்கின பண்டத்தைக் குடுப்பேன். வாங்கிக்கிட்டு கதவைச் சாத்திடுவா. அவ்வளவுதான்.

— உள்ள கூப்பிட மாட்டாளா?

— ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

— நீ சொல்ல வேண்டியதுதானே, எல்லாம் அந்தக் கிழவன் பண்ணின வேலைன்னு? பெத்த பொண்ணு உன் மூஞ்சியில கதவைச் சாத்தறா, நீ என்னைக் காட்டிக் குடுக்காம நிக்கறியா? ரெண்டு வருஷமா? எனக்குச் சோறு போட்டுக்கிட்டு, என் சட்டையைத் தேய்ச்சுக்கிட்டு... எப்படி முடிஞ்சுது உன்னால?

— முதல் நாள், எனக்கு இப்போ படிக்கத் தெரியும்னு சொன்னேன். உடனே உங்க கடுதாசியை என் கையில குடுத்துட்டு அவ சொன்னா, ‘அப்பாவாவது எழுதினார்.’ அவளுக்கு மிஞ்சினது அந்த நினைப்பு ஒண்ணுதான். அதையும் நான் பிடுங்கணுமா?

— அதுக்காக அந்தப் பழியை நீயே சுமந்தியா?

— அதனாலதான் நீங்களே வந்து சொல்லணும்னு இருந்தேன். உத்தியோகத்துல இருக்கும்போது சொன்னா, வண்டி எடுக்கணும்னு தொப்பியைப் போட்டுக்கிட்டு ஓடிடுவீங்க. டிராம்ல கூட்டிட்டு வந்தா அடுத்த நிறுத்தத்துல இறங்கிடுவீங்க. நடந்து வந்தா எங்கே இறங்குவீங்க? போட்டுக்கோங்க ஷூவை.

— இன்னும் எவ்வளவு தூரம்?

— அந்தக் கல்லறை மதில் வரைக்கும்.

— அது... அது நம்ம கடைசி நிறுத்தமாச்சே! நான் வண்டி திருப்பற இடம்!

— ஆமா. எதிர்ல அந்த மஞ்சள் வீடு. மூணாவது மாடி. துணி காயுதே, அந்த ஜன்னல்.

— தியோலிந்தா... தினமும் ஏழு எட்டுத் தடவை இங்கே நிறுத்தியிருக்கேன். இந்த மரத்தடியில நின்னுதான் சிகரெட் குடிப்பேன். அந்த ஜன்னலுக்கு நேரா!

— பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்கா.

— பாத்துக்கிட்டா? அஞ்சு வருஷமாவா? ஒரு தடவைகூட இறங்கி வரலியே... ஐயோ, நான் ஏற மாட்டேன். என்னால முடியாது. நீ போய்ச் சொல்லு, நான் இங்கேயே நிக்கறேன்.

— நான் சொல்ல மாட்டேன். எழுதின கை உங்களுது.

— அவ காறித் துப்பினா?

— துடைச்சுக்கோங்க. ஏறுங்க. கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு ஏறுங்க, மூணு மாடி.

— வாங்கப்பா. ரொம்ப நரைச்சுப் போயிட்டீங்க. மேலேருந்து பாத்தா தொப்பி மட்டும்தான் தெரியும்.

— செலெஸ்தே...

— பாப்பா பாட்டு வகுப்புக்குப் போயிருக்கா. வர ஒரு மணி நேரம் ஆகும். அவ முன்னாடி எதுவும் வேண்டாம். பேசணும்னா இப்போ பேசுங்க.

— அம்மாவை ஒண்ணும் சொல்லாதேம்மா. அந்தக் கடுதாசி... ‘வந்துடு கண்ணு’ன்னுதான் அவ சொன்னா. மாத்தி எழுதினவன் நான். நீ எழுதினதையும் மாத்தித்தான் படிச்சுக் காட்டினேன். பிள்ளை பிறந்ததே அவளுக்குத் தெரியாது. அவ மேல ஒரு தப்பும் இல்லை. எல்லாம் இந்தப் பாவி செஞ்சது.

— தெரியும்.

— தெரியுமா?

— படிச்ச அன்னைக்கே தெரியும். ‘எனக்குப் பொண்ணே பிறக்கலை’ன்னு அம்மா வாயில வருமா? அதனாலதான் அதுக்கப்புறமும் அஞ்சு கடுதாசி எழுதினேன். ஒண்ணையாவது அம்மா வேற யாரையாவது வெச்சுப் படிக்க மாட்டாளான்னு.

— தெரிஞ்சுமா? தெரிஞ்சுக்கிட்டே என்னை ரெண்டு வருஷம் வாசல்ல நிறுத்தினியா கண்ணு? நான் உனக்கு என்ன பண்ணினேன்?

— ஒண்ணும் பண்ணலைம்மா. அவர் என்னை வெளியே தள்ளின அன்னைக்கு அடுப்பங்கரை வாசல்ல நின்னே. ஒண்ணும் பண்ணலை. நீ தேடிக்கிட்டு வந்தப்போ, கடுதாசியை உன் கையில குடுத்து, ‘அப்பாவாவது எழுதினார்’னு வேணும்னேதான் சொன்னேன். ‘பொய்யிடி, அது அவர் எழுதினது’ன்னு நீ கத்துவேன்னு பாத்தேன். மாசா மாசம் கதவைத் திறந்து, ‘ஏதாவது சொல்லணுமா’ன்னு கேட்டேன். நீ பண்டத்தை நீட்டினே. இன்னைக்கும் பாரு, வாயைத் திறந்து சொன்னது அவர்தான். நீ இல்லை.