எட்டாவது புள்ளி

இந்த ஸ்டேஷனில் நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியில் ஒரு திருகு தளர்ந்திருக்கிறது, சார். முன்பக்கம், இடது கால். நீங்கள் எழுதக் குனியும்போதெல்லாம் கீச்சென்கிறது. உங்களுக்கு முன்னால் இதில் உட்கார்ந்தவருக்கும் கேட்டிருக்கும், அவரும் சும்மா இருந்திருப்பார். பரவாயில்லை, முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் காலம் தள்ளுகிறார்கள். நான் பம்பு கம்பெனியில் தர ஆய்வாளன். தளர்ந்ததைக் கண்டுபிடிப்பது என் பிழைப்பு என்பதால் காதில் விழுந்துவிடுகிறது.

நீங்கள் எழுதிவைத்திருப்பதைப் படித்தேன். எழுத்துப் பிழைகளை விட்டுவிடுகிறேன். என் தங்கையின் கணவருக்கு இயந்திர வேலையில் பயிற்சி இல்லை, வீட்டில் வைத்து எஞ்சினைப் பூட்டியபோது ஒரு நட்டை முறுக்காமல் விட்டுவிட்டார், அதனால் கார் கவிழ்ந்து என் தங்கை இறந்துபோனாள் என்று இருக்கிறது. கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும். பயிற்சி இல்லை என்பது சரி. நட்டை முறுக்காமல் விட்டார் என்பது தவறு. தவறான ரிப்போர்ட்டில் நான் கையெழுத்துப் போட்டதில்லை. உங்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லையென்றால் சொல்கிறேன்.

அந்தக் கார் அப்பாவுடையது. வாங்கும்போதே மலிவு வண்டி. கதவைச் சாத்தினால் பிஸ்கட் டப்பாவை மூடுகிற சத்தம் வரும். அப்பா போன பிறகு ஷெட்டிலேயே நின்றது. கிளப்பினால் நீலப் புகை, குடிப்பது பெட்ரோலா எண்ணெயா என்று தெரியாத நிலைமை. ஒருநாள் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது தேறாது" என்று சொன்னேன். கம்பெனியில் நான் தேறாது என்று ஒதுக்கிய எதுவும் திரும்பி வந்ததில்லை. தங்கை, தான் கட்டிக்கொள்ளப்போகிற மாப்பிள்ளையைக் கூட்டிவந்து காட்டியபோதும் அதையேதான் சொன்னேன். அவள் கேட்கவில்லை.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவர். காற்றடித்தால் சாய்கிற உடம்பு. எதற்கெடுத்தாலும் ஒரு சிரிப்பு. கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு பேரையும் எங்கள் வீட்டிலேயே இருக்கச் சொன்னேன். அவளுடைய சின்ன வயதிலேயே அம்மா போய்விட்டதால், அவளை வளர்த்து ஆளாக்கியது நான்தான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பார்த்த பெண் ஒவ்வொருத்தியிடமும் ஏதாவது ஒரு குறை கண்ணில் பட்டது. அதனால் என்ன, வீட்டில் ஒரு குறையும் இல்லை. அவள் சமைத்தாள், துவைத்தாள், நான் வர நேரமானால் வாசலில் நின்றாள். உப்புக்குப் பெறாத ஒரு ஆளுக்காக அதையெல்லாம் கலைக்க வேண்டிய அவசியம் என்னவென்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

மலைக்கு அந்தப் பக்கம் வேறொரு ஊரில் அவருக்கு ஒரு வேலை கிடைத்தது. ஊர் ஊராகப் போய்க் கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடி கொடுக்க வேண்டும். சொந்தமாக வண்டி இருந்தால்தான் வேலை. புது வண்டிக்கு வழியில்லை. அன்றைக்குச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மெல்ல ஆரம்பித்தார்.

"மச்சான், அப்பாவோட வண்டி எஞ்சின நானே பிரிச்சுப் பூட்டிப் பாக்கட்டுமா?"

"மாப்பிள்ளை, அது மூக்குக்கண்ணாடி இல்ல. காதுல மாட்டிட்டுப் போக முடியாது" என்றேன்.

தங்கை சிரித்தாள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அந்த ஆளிடம் எனக்குப் பிடிக்காததே அதுதான். அவமானப்படுத்தினால்கூட மண்டையில் ஏறாது.

தாராளமாகப் பிரியுங்கள் என்று சொல்லிவிட்டேன். வண்டி கிளம்பாது, வண்டி கிளம்பாவிட்டால் அவர்களும் கிளம்ப மாட்டார்கள். ஒரு அரைவேக்காட்டுக்கு அதன் போக்கில் புத்தி வரட்டுமே என்று இருந்தேன்.

ஷெட் உத்தரத்தில் சங்கிலி கட்டி எஞ்சினை வெளியே தூக்கினார். பெயின்ட் டப்பாவின் மேல் போனைச் சாய்த்துவைத்து, எவனோ பூட்டுவதைப் பார்த்துப் பார்த்து இவரும் பிரித்தார். கழற்றிய வால்வுகளை முட்டை அட்டையில் ஓட்டை போட்டு வரிசையாகக் குத்திவைத்தார். போல்ட்டுகளெல்லாம் என் வீட்டுச் சமையல் டப்பாக்களில். பிஸ்டனைத் துடைக்கக் கண்ணாடி துடைக்கும் துணி. நான் வேலை முடிந்து வந்ததும் டீயை எடுத்துக்கொண்டு ஷெட் வாசலில் நிற்பேன். எங்கே சறுக்குவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சும்மா சொல்லக் கூடாது, சறுக்கவில்லை. பிஸ்டன் வளையங்களின் வாய் ஒன்றுக்கு நேராக ஒன்று வராதபடி திருப்பிவைத்தார். எதை எங்கிருந்து கழற்றினாரோ அங்கேயே திரும்பப் போட்டார். சந்தேகம் வந்தால் கழற்றி மறுபடி பூட்டினார். சிலிண்டரைக் கடைந்து கொடுத்த பட்டறைக்காரர் ஒருநாள் இந்தப் பக்கம் வந்தவர், குனிந்து எட்டிப் பார்த்துவிட்டு, "யாரு பூட்டினது? கை சுத்தமா இருக்கே" என்றார். மாப்பிள்ளை வழக்கம்போலப் பல்லைக் காட்டினார். தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். நானும் ஏதாவது நல்ல வார்த்தை சொல்வேன் என்று எதிர்பார்த்தாள். டீ ஆறிவிட்டதென்று உள்ளே போய்விட்டேன்.

உங்களுக்குப் புரிகிற மாதிரி ஒன்று சொல்ல வேண்டும். பிஸ்டனையும் அடியில் சுற்றுகிற கிராங்க் தண்டையும் இணைப்பது கனெக்டிங் ராடு. அதன் கீழ்வாயை ஒரு மூடி கவ்விப் பிடித்திருக்கும். மூடிக்கு இரண்டு நட்டு. நாலு பிஸ்டனுக்கு எட்டு நட்டு. எஞ்சின் ஓடும்போது அந்த எட்டில் ஒன்று விட்டால் போதும், ராடு உள்ளேயிருந்து இரும்பை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

எட்டையும் அவர் முறுக்கியதை நான் பார்த்தேன். குறித்த இறுக்கம் வந்ததும் டிக்கென்று சத்தம் போடுகிற நீளமான ஸ்பேனர் ஒன்றை எங்கேயோ இரவல் வாங்கியிருந்தார். ஒவ்வொரு டிக்குக்கும் பிறகு தங்கையின் வெள்ளை நகப்பூச்சைத் தொட்டு நட்டின் தலையில் ஒரு புள்ளி வைத்தார். முறுக்கியாயிற்று என்பதற்கு அடையாளம். எட்டு டிக், எட்டுப் புள்ளி. அதனால்தான் சொல்கிறேன், உங்கள் ரிப்போர்ட் தவறு.

ஆனால் புள்ளி வைத்தது முட்டாள்தனம். எங்கள் கம்பெனியில் கோடு போடுவோம். நட்டிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் ஒரே கோடு. நட்டு மயிரிழை நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். புள்ளிக்கு அந்தப் புத்தி இல்லை. நட்டை எப்படித் திருப்பினாலும் அதன் தலையில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். ஒரு சின்னக் கோடுதான். அவர் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மறுநாள் எனக்கு விடுமுறை. மாப்பிள்ளை கடைக்குப் போயிருந்தார். தங்கை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள், அப்படித்தான் நினைத்தேன். எஞ்சின் ஸ்டாண்டில் வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தது. எண்ணெய் நிற்கிற அடித்தட்டை இன்னும் மூடவில்லை. அவருடைய பெட்டியிலிருந்தே ஸ்பேனரை எடுத்து, கடைசி பிஸ்டனின் உள்பக்க நட்டைத் தளர்த்தினேன். பிறகு, விரலால் ஆட்டினால் ஆடாத அளவுக்கு மட்டும் திரும்ப இறுக்கினேன். புள்ளி இருந்த இடத்திலேயே இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட வந்தேன்.

அன்றைக்கு அவள் கேட்டுக் கேட்டுப் பரிமாறினாள். என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள். என்னவென்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லண்ணா" என்றாள். ஊரைவிட்டுப் போகிற சந்தோஷம் என்று நினைத்து எனக்கு எரிச்சலாக இருந்தது.

நான் மிருகம் இல்லை, சார். என் கணக்கு ரொம்ப எளிமையானது. ஷெட்டிலேயே கிளப்புவார்கள், உள்ளே டொக் டொக்கென்று தட்டும், அவர் மூஞ்சியில் ஈயாடாது. திரும்பப் பிரிக்கத் தெம்பு இருக்காது. வேலை போகும், வண்டி பழைய இரும்புக்குப் போகும், அவள் வீட்டில் இருப்பாள். இதில் யாருக்கு என்ன கெட்டுவிடும்?

அவர் கிளப்பினார். சாவியைத் திருப்பின உடனே பிடித்துக்கொண்டது. ஒரு தட்டல் இல்லை, புகை இல்லை. மற்ற எல்லாவற்றையும் அவ்வளவு ஒழுங்காகப் பூட்டியிருந்ததால் அந்த ஒரு நட்டும் தாங்கிக்கொண்டது. தங்கை கண் கலங்கி என் கையைப் பிடித்தாள்.

"சத்தம் எப்படிண்ணா இருக்கு?"

"சத்தம் நல்லா இருக்கு" என்றேன்.

பொய் சொல்லவில்லை. சத்தம் நன்றாகத்தான் இருந்தது. அவள் கேட்டது அவ்வளவுதான்.

பக்கத்துத் தெருக்களில் ஓட்டிப் பார்த்தார்கள், கடைவீதிக்குப் போய்வந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. அதிர்ஷ்டம் சில பேருக்கு வெட்கமில்லாமல் சேவகம் செய்யும். கடைசியில் அந்த ஆளுக்கு என் நட்டும் வேலை செய்யப்போகிறதென்று நினைத்தேன்.

கிளம்புகிற அன்றைக்குச் சாமான் வண்டி வந்தது. காரை மாப்பிள்ளை ஓட்டுவதாகத்தான் பேச்சு. லென்ஸ் தேய்க்கிற மெஷினை யாராவது பிடித்துக்கொள்ளாவிட்டால் உடைந்துவிடும் என்று சாமான் வண்டி டிரைவர் சொன்னதும், அவர் அதில் ஏறி மெஷினை மடியில் வைத்துக்கொண்டார். காரின் பின்சீட்டில் கூரை முட்ட மூட்டைகள். தங்கை ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தாள்.

நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பாரம், மலை இறக்கம், இப்போதுதான் ஓட்டக் கற்றுக்கொண்ட அவளுடைய புதுக் கை எல்லாம் ஒரு நொடியில் மனதில் ஓடிவிட்டன. இதெல்லாம் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் என்ன சொல்லி நிறுத்துவது? அத்தனை பேர் முன்னால், அந்த ஆள் மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போது?

"அண்ணா, கேட்டத் திறந்துவிடுங்க. போனதும் பேசறேன்."

திறந்துவிட்டேன். "பாத்துப் போ" என்றும் சொன்னேன். ஒரு அண்ணன் சொல்ல வேண்டியதைச் சொல்லியிருக்கிறேன்.

இறக்கத்தில் நட்டு கழன்றது, ராடு உடைந்து வெளியே வந்தது, சக்கரம் பூட்டிக்கொண்டது. மீதியை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பகுதியில் தவறில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு மாப்பிள்ளை ஷெட்டில் வெறும் தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அந்த முட்டை அட்டை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

"மச்சான், அடித்தட்ட மூடறதுக்கு முன்னாடி எட்டையும் இன்னொரு தடவ முறுக்கிப் பாக்கணும்னுதான் இருந்தேன். அவதான் வேணாம்னுட்டா. 'அண்ணா மத்தியானம் ஷெட்டுக்குப் போயி எல்லாத்தையும் செக் பண்ணிட்டாரு, மாடிப்படி ஜன்னல் வழியா பாத்தேன், ஸ்பேனரும் கையுமா குனிஞ்சு நின்னாரு. நமக்காகப் பண்ணிருக்காரு, வெளிய சொல்லிக்கக் கூச்சம். நீங்க திரும்ப முறுக்கினா அவர நம்பலன்னு ஆயிடும், விட்டுடுங்க'ன்னா. அன்னைக்கு அவளுக்கு அவ்வளவு சந்தோஷம், மச்சான். நீங்க பாத்தும் ஒண்ணு தப்பிருக்குன்னா அது உங்க தப்பு இல்ல. மனுஷக் கண்ணுதானே. நான் போலீஸ்ல உங்க பேரச் சொல்லல. சொல்லவும் மாட்டேன்."

கேட்டீர்களா, சார்? என்னை மன்னிக்கிறார். ஒரு கண்ணாடிக்காரர், என் கண்ணில் ஒரு நட்டு தப்பிவிட்டதென்று நினைத்துக்கொண்டு, அதை வெளியே சொல்லாமல் என் மானத்தைக் காப்பாற்றுகிறாராம். எனக்காக ஜெயிலுக்குக்கூடப் போவார் போலிருக்கிறது. போகட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் எத்தனை வருஷம் உள்ளே இருந்தாலும் மனதுக்குள் அப்படியே நினைத்துக்கொண்டிருப்பாரே. அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. நான் கைவைத்த எந்த வேலையிலும் இதுவரை எதுவும் என் பார்வைக்குத் தப்பியதில்லை.

எனவே திருத்தி எழுதுங்கள். எட்டு நட்டையும் அவர் சரியாக முறுக்கியிருந்தார். எட்டாவதை நான் தளர்த்தினேன். தெரிந்து செய்தேன், எவ்வளவு தளர்த்த வேண்டுமோ அவ்வளவு. அதன் கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

மற்றதற்கெல்லாம் நான் பொறுப்பில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோடு போட வேண்டிய இடத்தில் புள்ளி வைத்தது அவர். முறுக்கிப் பார்க்காதே என்று தடுத்தது அவள். ஸ்பேனரும் கையுமாக நின்ற என்னை ஜன்னலிலிருந்து பார்த்தவள், என்ன பண்றீங்கண்ணா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். இத்தனை வருஷம் என் கையில் வளர்ந்தும், எதையும் சரிபார்க்காமல் நம்பக் கூடாது என்பதை மட்டும் அவள் கற்றுக்கொள்ளவே இல்லை.