குருவி பெல்லு

குருவி இல்ல தம்பி அது. இந்தக் காலத்துல குருவி எங்க வூட்டுக்குள்ள வருது? பெல்லுதான். நீ ஏணிய அப்புடிச் சாத்திட்டு உக்காரு. காபி ஆறிப்போவுது பாரு. வேலை என்னன்னு அப்பறம் சொல்றேன்.

எம்மவன் முத்துவேலு மெட்ராசுலேருந்து வாங்கியாந்து மாட்டுனான். அப்பாவுக்கு வாதம் வந்து வாயும் கோணிக்கிச்சு, கூப்புட முடியல, எடது கையாவது வருதுல்ல, அமுக்குனாருன்னா நீ போயிரலாம்மான்னு. பெல்லு இங்க கூடத்துல. சுச்சு பின்னால ரூம்புல, அவரு கட்டிலுகிட்ட. முந்திரிக்கொட்ட மூட்ட அடுக்குவோம்ல, அந்த ரூம்பு. காத்தோட்டமா இருக்கும்னு நாந்தான் அங்க போட்டேன்.

போவலியான்னா கேக்குற? போலாம் போலாம். எங்க ஓடிரப் போறாரு. நீ குடி.

மெட்ராசுல வூட்டுக்கு ஒரு சத்தம் தம்பி. ஒருத்தன் வூட்ல கோயிலு மணி, எதுத்த வூட்ல கொழந்த சிரிக்குது. இவருக்கு வாதம் வர்றதுக்கு முந்தி அங்க ரெண்டு மாசம் இருந்தேன். யாரு வூட்ல அடிச்சாலும் நான் ஓடிப்போயி எங்க கதவத் தொறந்துக்கிட்டு நிப்பேன். எம்மருமவ சுகன்யா இருக்காளே, அவளுக்கு அதப் பாத்துச் சிரிப்பு. சிரிக்க மட்டும் நேரம் இருக்கு அவளுக்கு. இட்லி மாவப் பாக்கெட்டுல வாங்குறா. முந்தாநேத்து வச்ச சாம்பார பிரிஜ்ஜுலேருந்து எடுத்து மைக்ரோவேவுல வச்சுக் குடுக்குறா. ஓரம் கொதிக்குது, நடுவுல சில்லுனு இருக்கு. அவள மாரியே.

ஆனா மிக்சியக் கொற சொல்ல மாட்டேன். நல்ல சாமான். இவருக்கு டாக்டரு எல்லாத்தயும் அரச்சுத்தான் குடுக்கச் சொல்லிட்டாரு. மீன் கொழம்புச் சோறு போட்டு அடிச்சாலும் அதே நெறம், ரசஞ்சோறு போட்டு அடிச்சாலும் அதே நெறம். உப்பு ஒரு கல்லு கொறஞ்சா தட்டு வாசலுக்குப் பறந்த காலம் போச்சு. இப்ப என்ன குடுத்தாலும் வாய்க்குள்ள போவுது, பாதி வெளிய வருது, தொடச்சு வுடுறேன். நேத்து முந்திரி வறுத்துப் போட்டுப் பாயசம் வச்சேன். அவரு கட்டிலுக்கு எதுர்ல நாற்காலியப் போட்டு உக்காந்து நான் குடிச்சேன். மெதுவா. நல்ல முந்திரி, நம்ம தோப்புதுதான்.

இந்தா, மறுபடி குருவி. அடிக்கட்டும்.

என்ன தம்பி பாக்குற? நான் எங்க எந்திரிச்சேன்? சேலய சரி பண்ணுனேன். இந்தா உக்காந்துட்டேன் போதுமா.

அப்ப பெல்லு ஏது? அவரு ராஜ்தூத்து மோட்டாரு வண்டி வச்சிருந்தாரு. ஆண்டிமடத்துலயே நாலஞ்சு வண்டிதான் அப்ப. முக்குல திரும்பையிலயே ஆரன் அடிப்பாரு. ரெண்டாவது ஆரனுக்குள்ள நான் வாசக் கேட்டத் தொறந்து புடிச்சுக்கிட்டு நிக்கணும். வண்டி நிக்காம உள்ள வரணும், அதான் அவருக்குப் பெரும. ஒரு நா தொறக்கல. எம்பெரிய பொண்ணு சிந்தாமணி பொறந்து ஒம்பது நாளு. பச்ச ஒடம்பு, பால் குடுத்துக்கிட்டே கண்ணசந்துட்டேன்.

அடிக்கவெல்லாம் இல்ல தம்பி. ஒரு வார்த்த திட்டல. வண்டியத் திருப்பிக்கிட்டு முக்குக்குப் போனாரு. அங்கேருந்து ஆரன் அடிச்சுக்கிட்டு வந்தாரு. நான் ஓடிப்போயித் தொறந்தேன். போதாதுன்னுட்டாரு. கேட்டச் சாத்தச் சொல்லிட்டுத் திரும்பப் போனாரு. திரும்ப ஆரன். திரும்ப நான் ஓடுனேன். சேல நனஞ்சு காலு வழியா ரெத்தம் வடியுது. தெருவே வாசல்ல வந்து நின்னு பாக்குது. மாட்டப் பழக்குறாப்புல பழக்குனாரு. பழகிட்டேன்.

அதெல்லாம் எதுக்கு இப்ப. முத்துவேலு ஞாயித்துக்கெழம ஆனா செல்லுல கேப்பான், பெல்லு வேலை செய்யுதாம்மான்னு. செய்யுதுப்பா, அப்பா அமுக்கிக்கிட்டே இருக்காருன்னு சொல்லுவேன். பொய்யா சொல்றேன்?

சரி, வேலைக்கு வா. ரிப்பேரு ஒண்ணும் இல்ல தம்பி. நல்லா அடிக்குது. அதான் ரிப்பேரு. அவரு சுச்சுல ஒரு செவப்பு லைட்டு இருக்கு, அமுக்குனா எரியும். சத்தம் அங்க கேக்காதுல்ல, லைட்டு எரியிறதப் பாத்துத்தான் இங்க அடிச்சிருச்சுன்னு தெரிஞ்சுக்குவாரு. நான் மெயின அமத்திப் பாத்தேன். லைட்டும் சேந்து போயிருது. லைட்டு எரியலன்னா டம்ளர எடுத்து செவுத்துல அடிச்சு ஊரக் கூட்டுறாரு. அதனால அங்க லைட்டு எரியணும். இங்க குருவி கத்தக் கூடாது. முடியும்ல?

ஏன் டம்ளரக் கீழ வச்சுட்ட? பாவமா? வேளைக்குச் சோறு குடுக்குறேன். மாத்திர குடுக்குறேன். பீ மூத்தரம் அள்ளுறேன். அதெல்லாம் எனக்குத் தோணுறப்பப் போயிச் செய்வேன். அவரு கூப்புடுறப்ப இல்ல. அம்புட்டுதான்.

ஏணிய எதுக்கு எடுக்குற? வேற ஆளப் பாத்துக்கங்கன்னா? ஏன் தம்பி, நீ எதுத்த வூட்டு உத்திராபதி மவந்தானே. கேட்டுத்தான் உன்னக் கூப்புட்டேன். அன்னிக்கு உங்கப்பா உங்க வாசல்ல உக்காந்து வெத்தல போட்டுக்கிட்டு நான் ஓட ஓட எண்ணுனாரு. சத்தமா. பதினாலு வரைக்கும். கடைசித் தடவ நான் வுழுந்தப்பக் கைதட்டுனாரு. போயிக் கேட்டுப்பாரு, நெனப்பு இருக்கும்.

ம். அப்புடி வை ஏணிய. ஸ்க்ரூ சின்னது, பாத்துக் கழட்டு.

இந்தா, கத்துது. பாத்தியா? நிக்கிறேன். எப்ப எந்திரிச்சேன்னு நீ பாத்தியா? எனக்கே தெரியல. வாசக் கதவத் தொறந்து புடிச்சுக்கிட்டு நிக்கிறேன் தம்பி.

அறு. அந்த ஒயருதான், அறு. லைட்டுல மட்டும் கை வச்சுராத. அது எரியணும். இந்தா வரா, இந்தா வரான்னு எரியணும்.