படியில் விட்ட செருப்பு

தாப்பாவிலிருந்து ரிங்லெட்டுக்கு மலையேறும் பஸ்ஸில், முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னதைக் கேட்டதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது.

"ஈயச் சுரங்க டவுன் பள்ளிக்கூடத்த எங்கப்பா கோயில்னு நெனச்சுட்டாரு, அக்கா."

"பெரிய பெரிய தூணா நிக்குமே, அதுவா?"

"அதான். சுரங்கம் வெச்சிருந்த சீன மொதலாளி, அந்தத் தவுக்கே கட்டினது. என்னைச் சேர்க்க எஸ்டேட்லேர்ந்து எறங்கி வந்தவரு, படியிலயே செருப்பக் கழட்டிட்டாரு. வாசல்ல இருந்த தவுக்கே சிலைக்கு ஒரு கும்பிடு வேற."

"ஐயோ!"

"பிள்ளைங்க விடுவாங்களா? தெனம் 'பூச முடிஞ்சிச்சா?'ன்னு கேலி. அப்பாகிட்ட ஒரு மாசம் பேசவே இல்ல லா."

"இப்ப அது மியூசியமாச்சே?"

"போன வாரம் மகனோட போனேன். பலகைத் தரை கீறிடுமாம், செருப்பக் கழட்டச் சொல்லிட்டான் காவக்காரன்."

"எங்க விட்டே?"

"எங்கப்பா விட்ட அதே படியிலதான்."