விலாசம் பார்த்துப் போட்ட மதிப்பெண்

அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது ஐயா. திறந்திருக்கும் ஜன்னலைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்தால் தடுக்கி விழுந்துவிடுவேனே என்றுதான் பார்க்கிறேன்.

தேர்வு அலுவலகத்தில் என் வேலை உங்களுக்குத் தெரியும். பத்து வயதுப் பிள்ளைகள் எழுதும் திறனறித் தேர்வு. அறுபதுக்கு மேல் வாங்கினால் பெரிய பள்ளிக்கூடம், குறைந்தால் தொழிற்கூடம். எங்கள் வட்டாரத்துத் தாள்களையெல்லாம் திருத்துவது நான் ஒருத்திதான். ஒவ்வொரு தாளும் தனிக் கவரில் வரும். முடிவு வீட்டுக்குப் போக வேண்டுமே என்று கவரின் மேலேயே பெயரும் விலாசமும் எழுதியிருப்பார்கள்.

முதல் வருடம் ஒழுங்காகத்தான் பிரித்துத் திருத்தினேன். பல் டாக்டர் வீட்டுப் பிள்ளை எண்பத்தெட்டு. எந்நேரமும் சண்டை நடக்கும் லாரி டிரைவர் வீட்டுப் பிள்ளை நாற்பத்து மூன்று. நடுவில் ஒரு விளையாட்டு தோன்றியது. பிரிக்கும் முன்பே ஓர் எண்ணை ஊகித்துக் கவரின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன். பிரித்துப் பார்த்தால் இரண்டு மூன்றுதான் முன்னே பின்னே. படிக்க மேசை இருக்கிறதா, அம்மா பக்கத்தில் உட்காருகிறாளா, டியூஷன் வாத்தியாரின் சைக்கிள் வாரத்தில் எத்தனை நாள் வாசலில் நிற்கிறது, இதைத்தானே இந்தத் தேர்வு சுற்றி வளைத்து அளக்கிறது. நான் அதையெல்லாம் எப்போதோ அளந்து வைத்திருந்தேன். அப்புறம் எதற்குக் கவரைக் கிழித்து வீணாக்க வேண்டும்?

அடுத்த வருடம் கிழிக்கவில்லை. அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று நினைக்காதீர்கள். தெரியாத வீடுகளுக்கு நேரிலேயே போனேன். ஊசியும் நூலும் கேட்டுப் போனால் யாரும் வாசலோடு அனுப்புவதில்லை. அலமாரியில் புத்தகம் இருந்தால் ஐந்து கூட்டினேன். அதன் மேல் தூசி படிந்திருந்தால் இரண்டு குறைத்தேன். ஒரு வீட்டுத் திரைச்சீலைக்கு நான்கு கொடுத்துவிட்டு, அது அண்ணி வீட்டுப் பழசு என்று தெரிந்ததும் மூன்றைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். வேலையில் எனக்கு ஓரவஞ்சனை கிடையாது.

மேலதிகாரி என் மேசைக்கே வந்துவிட்டார்.

"ரெண்டு வருஷ முடிவும் தெருவுக்குத் தெரு அச்சு அசலா ஒத்துப்போகுதும்மா. இவ்வளவு நம்பகமான தேர்வு வேற எங்கயுமே இல்லையாம். என்ன பண்ணீங்க?"

"கவனமா பாத்தேன் சார்."

பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள்.

இந்த வருடம்தான் எங்கள் தெரு இஸ்திரிக்கடைக்காரியின் பெண் தேர்வு எழுதினாள். துணி வாங்கப் போனபோது அம்மாக்காரியே பேச்சை எடுத்தாள்.

"அக்கா, நல்லா எழுதியிருக்கேன்னு ஒரே குதியா குதிக்கிறா. பெரிய பள்ளிக்கூடம் கெடைச்சிடும்ல?"

"எங்க உக்காந்து படிப்பா?"

"இந்த மேசைக்கு அடியிலதான். வேற எடம் ஏது?"

"சூடா இருக்காதா?"

"அதான் தூக்கம் வராதுங்கிறா, வாயாடி."

முப்பத்தெட்டு போட்டேன். கொஞ்சம் தாராளம்தான். மேசை என்று ஒன்று இருந்ததே.

முடிவு வந்த அன்று அந்தப் பெண் மேசைக்கு அடியிலிருந்த புத்தகங்களை எடுத்துக் கட்டி வைத்துவிட்டாளாம். அம்மாக்காரி என்னிடம் ஓடி வந்தாள். "எங்க தப்பு பண்ணான்னு அந்தத் தாளை ஒரு தடவை பாத்துச் சொல்லுங்கக்கா. திருத்திக்குவா." இரண்டு நாள் கழித்து, பார்த்தேன், எல்லாமே தப்பு என்று சொன்னேன். வீண் ஆசை வைத்துக்கொண்டு அல்லாட வேண்டாமே என்கிற நல்லெண்ணம்தான். இப்போது தொழிற்கூடத்தில் அட்டைப்பெட்டி மடிக்கிறாள். சுத்தமாக மடிக்கிறாள் என்று கேள்வி.

அம்மாக்காரி விடவில்லை, மனுப் போட்டுவிட்டாள். விசாரணைக்கென்று நீங்கள் வந்து என் பீரோவைத் திறந்தீர்கள். பிரிக்காத கவர்கள் நான்காயிரத்துச் சொச்சம். அத்தனைக்கும் மதிப்பெண் போட்டது நான்தான். ஒன்றைக்கூடப் பிரித்துப் பார்க்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் நேற்று என் கண்ணெதிரே அவள் கவரைப் பிரித்துத் திருத்திவிட்டு, தொண்ணூற்றேழு என்றீர்களே, அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பதினெட்டு வருடமாக அந்த வீட்டைப் பார்க்கிறேன் ஐயா, அது தொண்ணூற்றேழு வாங்குகிற வீடு இல்லை. யாரைப் பார்த்துக் காப்பியடித்தாள் என்று அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு விசாரியுங்கள்.