குண்டு பிடிக்கும் பெட்டி

"அப்பா, இது குண்டு பிடிக்கிற பெட்டியோ, மீன்கடையோ? இப்பிடி மணக்குது."

"ஸ்ஃபெர்ராகவால்லோ மீன்துறைப் பெட்டிப் பலகை மல்லிகை மாதிரியோ மணக்கும்? நீ சுடத்தானே வந்தனி, மணந்து பாக்கவோ?"

"குண்டு திரும்பி வராதோ?"

"வராது பிள்ளை. கட்டினது நான்."

"சரி. அப்பா, உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும்."

"முதல் சுடு. பிறகு கேள்."

நீங்கள் ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள், ஐயா. எனக்கும் என் மகள் அமலினிக்கும் மாசி மாதத்தில் நடந்த இந்தப் பேச்சுதான் ஆரம்பம்.

பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன். நான் தோட்டக்காரனாக இருக்கும் வீட்டின் பின்வளவில், எலுமிச்சை மரங்களுக்கு அப்பால், மதிலோடு சேர்த்து அதைக் கட்டினேன். முன்பக்கத்தில் இலக்குக் காகிதம். உள்ளே முன்னோக்கிச் சாய்த்த இரும்புத் தகடு. ஓர் உணவகத்தின் பழைய அடுப்புக் கதவு அது. காகிதத்தைத் துளைத்து வரும் ஈயக்குண்டு சாய்ந்த தகட்டில் பட்டு, கீழே உள்ள மணலுக்குள் விழுந்து அடங்கிவிடும். எவ்வளவு மணல் வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. மன்னாரில் என் குடும்பத்துக்குப் பதுங்குகுழி வெட்டியவன் நான். என் மனைவி சூசையம்மாவைக் கடைசியில் காய்ச்சல்தான் கொண்டுபோனது. நான் கட்டிய எதற்குள்ளும் ஒரு குண்டு வந்ததில்லை.

துவக்குச் சத்தத்திலிருந்து நான் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளை, பலெர்மோவில் துவக்கைத் தூக்கினாள். காற்றுத் துவக்குத்தான், விளையாட்டுத்தான். வீட்டுக்காரி சின்யோரா லெதீசியா இளமையில் அதில் பதக்கங்கள் வாங்கியவர். அவரே அமலினிக்குப் பழக்கினார். "கிறெகோரியோ, உன் மகளின் கை நடுங்குவதே இல்லை" என்று ஏதோ தானே கண்டுபிடித்ததைப்போல என்னிடம் சொன்னார். எப்படி நடுங்கும்? குழிக்குள் அவளை மடியில் இறுக்கி, அசையாமல் இருக்கப் பழக்கியவன் நான். நான் கொடுத்த கையைக் காட்டி, அவளை ரோமில் உள்ள சுடும் பயிற்சி விடுதிக்கு அனுப்பவேண்டும் என்று எங்களுக்கு யாரோ ஒருத்தி, இந்த வீட்டுக்காரி, சொல்கிறாள்.

அன்றிலிருந்து அமலினி "ஒண்டு கேக்கவேணும்" என்று என் பின்னால் வரத் தொடங்கினாள். என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். போகட்டோ என்பாள். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? போ என்று சொல்லவும் முடியாது, போகாதே என்று கெஞ்சவும் மனம் வராது. ஆகவே நான் அவளைக் கேட்கவிடவில்லை. சாப்பிடு என்றேன், படி என்றேன், பூசைக்கு நேரமாகிறது என்றேன்.

கோபம் வந்தால் நான் கத்துவதில்லை, ஐயா. வேலை செய்வேன். அந்தக் கிழமை எலுமிச்சை மரங்களைக் கிளை நறுக்கினேன். தேவைக்கு மேல் வெட்டிவிட்டேன் என்று சின்யோரா குறைப்பட்டார். பிறகு, அமலினி பள்ளிக்கூடம் போன ஒரு காலையில் பெட்டியைத் திறந்தேன். மணலை அள்ளினேன். தகட்டை நிமிர்த்தி வைத்தேன்.

பிள்ளை விழுந்து முழங்காலை உரசினால் சைக்கிளைப் பூட்டி வைக்காத பெற்றோர் உண்டா? அப்படித்தான் நினைத்தேன். கன்னத்தில் ஒரு கீறல், ஒரு பயம், அவ்வளவுதான்.

எதையும் சரிபார்க்காமல் செய்யும் பழக்கம் எனக்கில்லை. அவள் வழக்கமாக நிற்கும் இடத்தில், அவளுடைய முக உயரத்தில், தக்காளிப் பெட்டியின் காகித மட்டை ஒன்றைக் கட்டினேன். அதற்குக் கீழே குனிந்திருந்து சுட்டேன். குண்டுகள் பலவும் எங்கெங்கோ தெறித்தன. ஒன்று மட்டையில் தைத்தது. அவள் ஒரு பின்னேரத்தில் எத்தனையோ தடவை சுடுவாள். ஒன்று வந்தால் போதும்.

சுடும்போது அவள் போடும் காப்புக் கண்ணாடியைத் தினமும் கழுவிக் கொடுப்பது நான். அன்றும் கழுவினேன்.

"கண்ணாடி எங்கை, அப்பா?"

"காயுது பிள்ளை. இண்டைக்கு அது இல்லாமல் சுடு."

அது என் சட்டைப் பைக்குள் இருந்தது. நன்றாகக் காய்ந்திருந்தது.

வலது கண். மற்றதெல்லாம் மருத்துவமனைத் தாள்களில் இருக்கிறது. நான்தான் அவளைக் காருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சின்யோரா அழுதபடி உங்கள் பொலிஸ் ஆட்களிடம் சொன்னார்: "பாவம், படிக்காத மனிதன். அன்பினால் கட்டினான், தெரியாமல் பிழைவிட்டுவிட்டான்." நீங்களும் அப்படியே எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை வெட்டுங்கள். என் கை பிழைவிடாது. தகடு நிமிர்ந்து நின்றால் குண்டு திரும்பி வரும் என்று தெரிந்துதான் நிமிர்த்தினேன். இனி அவளை ரோமுக்கு யார் கூப்பிடுவார்கள் என்று கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து நினைத்தேன். பலெர்மோவுக்கு வந்தபின் எனக்கு மனம் ஆறியிருந்தது அந்த இரண்டு நாட்கள்தான்.

நேற்று அவள் எழுந்து உட்கார்ந்தாள். பாதி முகத்தில் கட்டு. மற்றப் பாதியால் சிரித்தாள்.

"அப்பா, இப்ப கேக்கவோ? முதல் சுடு எண்டு இப்ப சொல்ல ஏலாதே."

"கேள்" என்றேன்.

"இடது கண்ணாலயும் பழகலாமாம். சின்யோரா சொன்னவ. விடுதிக்காரர் எனக்காக ஒரு வருசம் பொறுப்பினமாம்."

அவள் தட்டித் தடவி என் கையைப் பிடித்தாள். அவள் கை நடுங்கவில்லை.

"கோவிக்காதேங்கோ. நீங்கள் இந்தத் தோட்டத்தை விட்டு வரமாட்டியள் எண்டு நினைச்சு, கேக்கப் பயந்து பயந்து திரிஞ்சனான். விடுதிக்கும் ஒரு தோட்டக்காரர் வேணுமாம். உங்களை விட்டிட்டுப் போகமாட்டன் எண்டு சின்யோராவிட்டை நான் அப்பவே சொல்லிப்போட்டன்" என்றாள். "நீங்களும் என்னோட வாங்கோவன், அப்பா."